தவிட்டுக்கு வாங்காத பிள்ளை

"உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்." திண்டுக்கல் பக்கத்து வீடுகளில் அடம்பிடிக்கும் பிள்ளையைச் சீண்ட மாமனும் சித்தப்பனும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் பேச்சு இது. வீடு சிரிக்கும், பிள்ளை மட்டும் உதட்டைப் பிதுக்கும். இந்தக் கேலிக்கு அடியில் ஒரு பழைய துயரம் கிடக்கிறது. பெற்ற பிள்ளைகள் அடுத்தடுத்துத் தங்காமல் போன வீட்டில், புதிதாகப் பிறந்ததை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு, தவிட்டை அளந்து கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். 'இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, விலைக்கு வந்தது' என்று எமனுக்குக் கணக்குக் காட்டும் ஏற்பாடு அது. பிச்சை, பிச்சையம்மாள், குப்பை என்ற பெயர்கள் இப்படிப்பட்ட வீடுகளில் வைக்கப்பட்டவைதான். முருகன் கோயில்களிலும் அம்மன் கோயில்களிலும் பிள்ளையைச் சாமிக்குத் தத்துக் கொடுத்து மீட்டுக்கொள்ளும் சடங்கு இன்றும் நடக்கிறது.

அந்தச் சடங்கில் யாருக்கும் நெஞ்சு படபடப்பதில்லை. கொடுத்த பிள்ளை சற்று நேரத்தில் அதே மடிக்குத் திரும்பிவிடும். இந்தக் கட்டுரை பேசுவது வேறொரு தத்தைப் பற்றி. அதில் பிள்ளை எங்கோ பிறந்து, எங்கோ வளர்ந்து, ஒரு புகைப்படமாக முதலில் வந்து சேர்கிறது. அதை அழைத்து வரப் பெற்றோர் ரயிலேறுகிறார்கள், அல்லது விமானமேறுகிறார்கள். புறப்படுவதற்கு முந்தைய இரவில் அவர்கள் தூங்குவதில்லை.

அந்தத் தூக்கமின்மையை ஆராய்ந்து பார்க்க வேண்டிய தேவை இருக்கிறது. 'எல்லாம் நல்லபடியா நடக்கும், பயப்படாதீங்க' என்று சொந்தபந்தம் சொல்லிவிட்டுப் போய்விடும். ஆனால் அந்தப் பயத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் கேட்கப்பட வேண்டிய ஒரு கேள்வியாக இருக்கிறது. அந்தக் கேள்விகளை இந்த உலகம் கேட்கத் தவறிய இடங்களிலெல்லாம் யாரோ ஒரு தாய் தன் பிள்ளையை இழந்திருக்கிறாள்.

முதலில் நடைமுறை. இந்தியாவில் மதம் எதுவானாலும் ஒருவர் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தத்தெடுக்கலாம். ஆதரவற்ற, கைவிடப்பட்ட, பெற்றோரால் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளை அந்தச் சட்டத்தின் வழியாக மட்டுமே தத்தெடுக்க முடியும். பொறுப்பு, 'காரா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்துடையது. திண்டுக்கல்லில் இருக்கும் தம்பதியும் நியூஜெர்சியில் இருக்கும் தம்பதியும் ஒரே இணையதளத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். உள்ளூர்க்காரர்கள் நேரடியாகப் பதிவு செய்கிறார்கள். வெளிநாட்டில் வாழ்பவர்கள் அந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாகப் பதிவு செய்கிறார்கள். பிறகு ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவார். வருமானம், உடல்நலம், இருவருக்குள்ளும் இருக்கும் பிணைப்பு, வீட்டுப் பெரியவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டு அறிக்கை எழுதுவார். தம்பதி இருவரின் வயதையும் கூட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் அந்தக் கூட்டுத்தொகை 85ஐத் தாண்டக் கூடாது.

அதற்குப் பிறகு காத்திருப்பு. 35,000க்கும் மேற்பட்ட பெற்றோர் வரிசையில் நிற்கிறார்கள். கைக்குழந்தை கேட்பவர்கள் சுமார் மூன்றரை ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது. 2024-25ஆம் நிதியாண்டில் நாடு முழுவதும் முறைப்படி நடந்த தத்தெடுப்புகள் 4,515. 2015-16க்குப் பிறகு இதுதான் உச்சம். அதில் 4,155 குழந்தைகள் இந்தியக் குடும்பங்களுக்குப் போனார்கள். வெளிநாடு சென்றவர்கள் 360 பேர். இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது மிகச் சிறிய எண். இல்லங்களில் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்களே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பெற்றோரோ உறவினரோ இருக்கிறார்கள், வறுமையால் விட்டுவைத்திருக்கிறார்கள். சட்டப்படி தத்துக்குத் தகுதியானவர்கள் என்று அறிவிக்கப்படும் குழந்தைகளோ சிலரே. அந்தச் சிலரிலும் பெரும்பாலோர் வயது கூடியவர்கள், அல்லது சிறப்புக் கவனிப்பு தேவைப்படுபவர்கள்.

மூன்றரை ஆண்டு காத்திருந்தவர்களுக்கு ஒருநாள் கைபேசியில் செய்தி வருகிறது. உள்ளே ஒரு புகைப்படம், குழந்தையைப் பற்றிய ஓர் அறிக்கை, ஒரு மருத்துவ அறிக்கை. முடிவெடுக்க உள்நாட்டுப் பெற்றோருக்கு 48 மணி நேரம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 96 மணி நேரம்.

நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஒரு பிள்ளையை ஏற்பதா என்று தீர்மானிப்பது எப்பேர்ப்பட்ட வேலை என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும். பெண் பார்க்கப் போனால்கூட 'வீட்டுக்குப் போய்ச் சொல்லியனுப்புறோம்' என்று வாரக்கணக்கில் இழுக்கும் சமூகம் இது. மருத்துவ அறிக்கையை எடுத்துக்கொண்டு தெரிந்த குழந்தை மருத்துவரிடம் ஓடுவார்கள். எடை ஏன் குறைவு, தலைச் சுற்றளவு சரியா, ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் செய்யப்பட்டிருக்கின்றனவா? விதிகள் இதற்கு இடம் கொடுக்கின்றன. தமக்கு நம்பிக்கையான மருத்துவரிடம் குழந்தையின் உடல்நிலையைப் பற்றிக் கருத்துக் கேட்கலாம். அதைக் கேட்டதற்காகக் 'குழந்தைக்குக் குறை பார்க்கிறார்கள்' என்று யாரும் அவர்களைப் பழிக்கக் கூடாது. தெரிந்துகொண்டு ஏற்கும் பெற்றோர்தான் பின்னால் கைவிடாமல் நிற்பார்கள்.

இந்த வரிசை நாடு முழுவதற்கும் பொதுவானது என்பதால், திண்டுக்கல் தம்பதிக்கு மகாராஷ்டிரத்திலோ ஒடிசாவிலோ பிறந்த குழந்தை வரக்கூடும். சந்தைக்குப் போனால் தமிழ் தவிர வேறு பேச்சு கேட்காத ஊரிலிருந்து நாக்பூருக்குப் போவது பாதி வெளிநாட்டுப் பயணம்தான். திருக்குறள் விரைவு ரயிலில் திண்டுக்கல்லில் ஏறினால் நாக்பூரில் இறங்கலாம். ஆனால் அங்கே காத்திருக்கும் இரண்டு வயதுப் பிள்ளை 'பாணி' என்று கேட்டால் அது தண்ணீர் என்று புதிய அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'ஆயி' என்று அழுதால் அது மராத்தியில் அம்மா என்ற சொல். நம் வீடுகளில் குழந்தைப் பேச்சில் அதே ஒலிக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டு அழ, அதைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடுவது எவ்வளவு பெரிய தவறு!

எதிர்த்திசையிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டு இல்லத்தில் வளர்ந்த ஐந்து வயதுப் பிள்ளையை அழைத்துப் போக அமெரிக்காவிலிருந்தோ இத்தாலியிலிருந்தோ வரும் தம்பதி, விமானம் ஏறுவதற்கு முன் பத்துத் தமிழ்ச் சொற்களையாவது மனப்பாடம் செய்கிறார்கள். தண்ணி, பசிக்குது, வலிக்குது, ஒண்ணுக்கு, பயமா இருக்கு. கடைசிச் சொல் மிக முக்கியமானது. பிள்ளை அதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவருக்குப் புரியாவிட்டால், அந்தப் பயம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும்.

சிங்கப்பூரிலும் லண்டனிலும் வேலை பார்க்கும் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, பேகம்பூர்ப் பிள்ளைகளும் இந்த வரிசையில் உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர்கள் இங்கே வாழும் இந்தியர்களுக்குச் சமமாக வைக்கப்படுகிறார்கள். அண்ணன் பிள்ளையையோ அக்காள் பிள்ளையையோ தத்தெடுக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள். 'நம்ம வீட்டுப் பிள்ளைதானே, எழுதிக் கொடுத்தால் போதாதா' என்று அவர்கள் எண்ணுவது இயல்பு. போதாது. உறவுப் பிள்ளையானாலும் உத்தரவு வேண்டும், காராவின் தடையில்லாச் சான்று வேண்டும்; இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் மடியில் வைத்துக் கொடுத்த பிள்ளைக்கு விமான நிலையத்துக் குடியேற்ற அதிகாரி மடியைப் பார்த்து முத்திரை குத்த மாட்டார்.

இந்தக் காகிதங்களின் கெடுபிடியைக் கண்டு சலித்துக்கொள்பவர்கள் அது எப்படி வந்தது என்பதையும் அறிய வேண்டும்.

1982இல் லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தத்து என்ற பெயரில் இந்தியக் குழந்தைகள் வெளிநாடுகளுக்குக் கொண்டுபோகப்படுகிறார்கள், வழியில் என்ன ஆகிறார்கள், அங்கே என்ன ஆகிறார்கள் என்பதைக் கவனிக்க யாரும் இல்லை என்பது அதன் சாரம். கடிதமே பொதுநல வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1984 பிப்ரவரியில் நீதிபதி பி.என். பகவதி அளித்த தீர்ப்புதான் வெளிநாட்டுத் தத்துக்கு முதல் கட்டுப்பாடுகளை வகுத்தது: முதலில் இந்தியக் குடும்பத்தைத் தேடு, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாகப் போ, போன பிறகும் குழந்தையைக் கண்காணி. 1993இல் உருவான ஹேக் உடன்படிக்கை இதையே உலக அளவில் சொன்னது. இந்தியா 2003இல் அதில் இணைந்தது.

ஆனால் காகிதத்தில் விதி இருந்தும் சென்னைக்கு அருகில் என்ன நடந்தது? திருவேற்காட்டில் இயங்கிய ஒரு தத்து நிறுவனத்தின் மீதான விசாரணை 2005இல் தமிழகத்தை உலுக்கியது. 1990களின் இறுதியில் வட சென்னையின் ஏழைக் குடியிருப்புகளிலிருந்து தூக்கிச் செல்லப்பட்ட குழந்தைகள், பொய்யான ஒப்படைப்புப் பத்திரங்களோடு வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள் என்று குற்றச்சாட்டு. காணாமல் போன ஒரு குழந்தை நெதர்லாந்தில் வளர்வதாகவும் இன்னொன்று ஆஸ்திரேலியாவில் வளர்வதாகவும் தெரியவந்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போனது. பெற்ற தாய் ஆண்டுக்கணக்கில் காவல் நிலைய வாசலில் நின்றுகொண்டிருந்தபோது, வளர்த்த தாய் தன் கையில் உள்ளது முறையான தத்து என்று முழுமனதாக நம்பிக்கொண்டிருந்தாள். அவள் சந்தேகப்படும்படி ஒரு காகிதமும் அவளிடம் இல்லை. எல்லாவற்றிலும் முத்திரை இருந்தது.

இலங்கையின் கதை இன்னும் பெரியது. 1970களிலும் 80களிலும் அங்கிருந்து சுமார் 11,000 குழந்தைகள் ஐரோப்பாவுக்குத் தத்துப் போனார்கள். தத்துக் கொடுப்பதற்காகவே கைக்குழந்தைகளைத் திரட்டி வைத்த இடங்களுக்குக் 'குழந்தைப் பண்ணை' என்று பெயர். நீதிமன்றத்தில் தாயாக நின்றவள் உண்மையான தாயே அல்ல என்ற நிலையும் இருந்தது. வளர்ந்து பெரியவர்களாகித் தாயைத் தேடி வந்த பிள்ளைகள் மரபணுச் சோதனையில் அதைக் கண்டுபிடித்தார்கள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இதை அம்பலப்படுத்தியது; இலங்கை அரசும் ஒப்புக்கொண்டது. 2021 பிப்ரவரியில் ஒரு விசாரணைக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்தையே நிறுத்தி வைத்தது. மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2024 செப்டம்பரில், உலகின் மிகப் பெரிய தத்து நாடாக இருந்த சீனாவும் வெளிநாட்டினருக்குக் கதவை மூடியது. உறவினர் பிள்ளைகளுக்கும் துணைவரின் முன்மணத்துப் பிள்ளைகளுக்கும் மட்டும் விலக்கு.

ஆகவே, புறப்படும் முன் ஒரு தாயின் மனத்தில் 'இந்தப் பிள்ளையை யாராவது தேடிக்கொண்டிருப்பார்களோ' என்ற கேள்வி எழுந்தால் அது அபசகுனப் பேச்சு ஆகாது. அவள் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே மிகவும் அறமான கேள்வி அது. அதற்கு விடை சொல்லும் கடமையைத்தான் இன்றைய சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கைவிடப்பட்ட குழந்தை கிடைத்தால் நாளிதழில் படத்துடன் அறிவிப்பு வெளியிட வேண்டும். பெற்றோரே ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பக் கேட்க அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. குழந்தைகள் நலக் குழு விசாரித்து, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் இரண்டு மாதத்துக்குள்ளும் மேற்பட்டது என்றால் நான்கு மாதத்துக்குள்ளும் முடிவெடுக்கும். அதன் பிறகே தத்துப் பட்டியல். இந்தியக் குடும்பமும் வெளிநாடுவாழ் இந்தியக் குடும்பமும் 60 நாட்களில் முன்வராவிட்டால்தான் வெளிநாட்டுக் குடும்பம். காலை நாளிதழின் ஓரத்தில் ஒரு பச்சைக் குழந்தையின் மங்கலான படத்தோடு 'உரிமை கோருபவர்கள் அணுகலாம்' என்று சின்ன எழுத்தில் வரும் அறிவிப்பைப் பெரும்பாலோர் கடந்துபோகிறோம். ஒரு பிள்ளையின் வாழ்வில் அதைவிடப் பெரிய செய்தி வேறில்லை.

திண்டுக்கல்லுக்கு இதில் தனியான பங்கு இருக்கிறது. 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளப்பட்டியை ஒட்டிக் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இரண்டு படுக்கைகளோடு தொடங்கிய சிறிய பிரசவ விடுதிதான் பிறகு கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள், இளம் வயதிலேயே கணவனை இழந்து, பின்னர் மருத்துவம் படித்து, ஊர் எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துகொண்டவர் சௌந்தரம். ஊர் ஒதுக்கிய பெண்ணின் வலி அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் உருவாக்கிய நிறுவனம் மணமாகாத தாய்மாருக்கும் கைவிடப்பட்ட சிசுக்களுக்கும் இடம் கொடுத்து, பிள்ளையில்லாத வீடுகளுக்கு அவர்களைத் தத்துக் கொடுத்தும் வந்தது.

இன்னொரு பக்கம் கள்ளிப்பால். 1980களின் நடுவில் உசிலம்பட்டிப் பெண்சிசுக் கொலைகள் நாடு முழுவதும் பேசப்பட்டன. 1992இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கினார். 2001இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு வந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்பவர்கள் கொல்லாமல் தொட்டிலில் விட்டுச் செல்லட்டும் என்பதே ஏற்பாடு. கைவிடுவதை அரசே சுலபமாக்குகிறது என்ற விமரிசனம் அன்றே எழுந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஆனாலும் அந்தத் தொட்டில்களில் படுத்த பிள்ளைகளில் பலர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்களுக்கு இன்று வயது முப்பதைத் தாண்டிவிட்டது.

இனி, பெற்றோர் அதிகம் வெளியில் சொல்லாத பயத்துக்கு வரலாம். 'பிள்ளை என்னிடம் ஒட்டுமா?'

இதற்கு ஆய்வு தரும் விடை பெரும்பாலும் ஆறுதலானது. ருமேனியாவில் சர்வாதிகார ஆட்சி 1989இல் கவிழ்ந்தபோது, அரசு விடுதிகளில் பல்லாயிரம் குழந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது தெரியவந்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்குத் தத்து வந்த குழந்தைகளை மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர் தலைமையிலான குழு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. ஆறு மாதத்துக்கு முன்பே விடுதியை விட்டு வந்த குழந்தைகள் பெரும்பாலும் முழுமையாகத் தேறினார்கள். அதற்கு மேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்குச் சிக்கல்கள் நீடித்தன. 2000ஆம் ஆண்டையொட்டி புக்காரெஸ்டில் தொடங்கிய இன்னொரு ஆய்வு, விடுதியில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தது. குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் அதிகம் தேறினார்கள். ஆக, பட்டியலில் பெயர் ஏறாமல் கோப்பு மேசையில் தூங்கும் ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளையின் மூளையிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும் மாதம். அதிகாரிகள் இந்த ஒரு செய்தியையாவது நினைவில் வைக்க வேண்டும். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவு வழங்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து மாவட்ட ஆட்சியருக்கு வந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் நூறு கோப்புகளில் இது ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது.

ஆனால் முதல் நாளன்றே பிள்ளை ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது பிழை. யோசித்தால் தெரியும்: இல்லத்தில் அந்தக் குழந்தைக்கு ஓர் ஆயாம்மா இருந்தாள். அவள் இடுப்பு, அவள் சேலை வாசனை, அவள் தட்டிக்கொடுக்கும் கணக்கு எல்லாம் அதற்குப் பழக்கம். புதியவர்கள் வருகிறார்கள், கண்ணீரோடு அணைக்கிறார்கள், அதே நாளில் அந்த இடுப்பு இல்லாமல் போய்விடுகிறது. பெற்றோருக்கு அது வாழ்க்கையின் மிக மகிழ்ச்சியான நாள். குழந்தைக்கு அது இழவு நாள். இறுக்கிக்கொண்டு அழும் பிள்ளை, யாரிடமாவது பாசம் வைக்கத் தெரிந்த பிள்ளை என்றுதான் வல்லுநர்கள் சொல்கிறார்கள். அழாமல் யாரிடமும் சிரித்துக்கொண்டு போகும் பிள்ளையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

அதனால் அனுபவப்பட்டவர்கள் எளிய யோசனைகளைச் சொல்வார்கள். முன்கூட்டியே பெற்றோரின் படங்களை அனுப்பி, ஆயாம்மா கையாலேயே அதைக் குழந்தைக்குக் காட்டச் சொல்லலாம். என்ன சோறு, எந்த நேரம், தூங்க வைக்க எந்தப் பாட்டு என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். பழைய சட்டையையோ போர்வையையோ துவைக்காமல் அப்படியே வாங்கிவரலாம்; அந்த வாசனை சில நாளைக்குத் துணையாகும். வீட்டுக்கு வந்த முதல் வாரங்களில் தெருவே திரண்டு ஆரத்தி எடுத்து, ஆளுக்கு ஆள் தூக்கி முத்தம் கொடுக்கும் நம் ஊர் அன்பைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லலாம். அத்தைமார் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை. காதுகுத்துக்குச் சேர்த்துக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

தாயின் மனமும் உடனே பொங்கிவிடுவதில்லை. இத்தனை வருடம் ஏங்கிய பிள்ளை பக்கத்தில் தூங்கும்போது, அவளுக்கு உள்ளே வெறுமை தோன்றுவதுண்டு. குழந்தை பெற்ற தாய்க்கு வரும் மனச்சோர்வு தத்தெடுத்த தாய்க்கும் வருகிறது என்பதை 1995இல் ஜூன் பாண்ட் என்ற அமெரிக்கர் எழுதி, அதற்கு ஒரு பெயரும் கொடுத்தார். நம் ஊரில் பெற்றவளுக்காவது நாற்பது நாள் பத்தியமும் அம்மா வீட்டுக் கவனிப்பும் உண்டு. தத்தெடுத்தவளுக்கு வளைகாப்பு இல்லை, பத்தியம் இல்லை. அலுவலகத்துக்கு எப்போது திரும்புகிறாய் என்ற கேள்வி மட்டும் உண்டு. 'நீ கேட்டு வாங்கியதுதானே' என்ற ஒரு சொல் போதும், அவள் வாயே திறக்க மாட்டாள். இந்த இடத்தில்தான் மாமியாரும் நாத்தனாரும் உண்மையில் தேவைப்படுகிறார்கள்.

பிள்ளையிடம் எப்போது சொல்வது என்பது மற்றொரு பதற்றம். மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002இல் வெளிவந்தபோது தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு வெளிப்படையாக எழுந்தது. ராமேசுவரத்தில் அகதியாக வந்த தாய் விட்டுச்சென்ற சிறுமிக்கு அவளுடைய ஒன்பதாவது பிறந்தநாளில் உண்மை சொல்லப்படுகிறது. அவள் தாயைத் தேட, வளர்த்தவர்கள் போர் நடக்கும் இலங்கைக்கு அவளை அழைத்துப் போகிறார்கள். படத்தின் பலம் அந்த வளர்ப்புத் தாயின் முகத்தில் இருக்கிறது. பிள்ளையை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தோடேயே அவள் அந்தப் பயணத்துக்கு உடன்படுகிறாள். ஆனால் ஒன்பது வயது வரை காத்திருப்பது தாமதம். விவரம் தெரியும் முன்பே, கதையோடு கதையாக, தாலாட்டோடு தாலாட்டாக அந்தச் செய்தி பிள்ளைக்குப் பழகிவிட வேண்டும் என்பதே இன்று உளவியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் வழி. மறைத்த வீட்டில், திருமண வீட்டுக் கூட்டத்தில் யாரோ ஒரு பாட்டி வாய்தவறிச் சொல்லித்தான் பிள்ளைக்குத் தெரியவரும். தவிட்டுக் கேலியும் அங்கே நிற்க வேண்டும். சொந்தப் பிள்ளைக்கு அது விளையாட்டு. தத்துப் பிள்ளைக்கு அது பாதி உண்மை, அதனால் முழு வலி.

தத்து உத்தரவு கைக்கு வந்ததும் பெற்றோர் பெருமூச்சு விடுகிறார்கள். வெளிநாடு போகும் பிள்ளைக்குக் கடவுச்சீட்டு, ஹேக் உடன்படிக்கைச் சான்று, விசா என்று இன்னும் சில படிகள். திரும்பிப் போன பிறகும் முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் குழந்தை எப்படி இருக்கிறது என்று அறிக்கை வர வேண்டும். உள்நாட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. அதை வேவு என்று நினைக்கும் பெற்றோர் உண்டு. சந்தேகம் கேட்கவும், 'எனக்கு முடியவில்லை' என்று சொல்லி அழவும் அரசு அனுப்பும் ஓர் ஆள் என்று அந்தச் சமூகப் பணியாளரைப் பார்ப்பது நல்லது.

பிள்ளை பதினெட்டு வயதைத் தாண்டிய பிறகு தன் வேரைத் தேட விரும்பினால், அதற்கும் விதிகளில் வழி இருக்கிறது. தத்துக் கொடுத்த நிறுவனமும் அதிகாரிகளும் உதவ வேண்டும். சிறுவயதென்றால் பெற்றோரோடு சேர்ந்து கேட்கலாம். ஒப்படைத்த தாய் தன்னை வெளிப்படுத்த விரும்பாவிட்டால் அவள் விருப்பமும் மதிக்கப்படும். இலங்கையிலிருந்து போன பிள்ளைகள் நடுவயதில் திரும்பி வந்து கண்டது பொய்க் காகிதங்களை. திருவேற்காட்டு வழக்கிலும் அதே கதை. நாளைக்குத் திண்டுக்கல்லைத் தேடி ஒரு பெண் வந்தால் அவள் கையில் உண்மையான காகிதம் இருக்க வேண்டும்.

எனவே புறப்படக் காத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பதற்றத்தில் நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விகளையும், இல்லத்தில் சொன்ன எல்லா விடைகளையும் தேதியோடு எழுதிவையுங்கள். நாளிதழில் வந்த அறிவிப்பின் நறுக்கு கிடைத்தால் கேட்டு வாங்குங்கள். ஆயாம்மாவோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் பெயரைப் படத்தின் பின்னால் குறித்துவையுங்கள். பிள்ளை உடுத்தி வந்த சட்டை சீக்கிரமே சிறியதாகிவிடும்; அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.